தவணை இல்லாத பிணை

பிணை என்பது கடனோடு பிறந்த சொல். ஒருவர் பட்ட கடனுக்கு இன்னொருவர் பொறுப்பேற்று நிற்பார்; கடன் அடைந்ததும் விடுபடுவார். கைதி என்பது பின்னால் தமிழுக்கு வந்து சேர்ந்த சொல். இரண்டையும் சேர்த்துப் ‘பிணைக்கைதி’ என்கிறோம். ஆனால் பிணைக்குத் தவணை உண்டு. உள்நாட்டுப் போரில் ஓர் அரசு குடிமக்களைப் பிடித்துவைக்கும்போது முதலில் பறிபோவது அந்தத் தவணைதான். பாளையக்காரர் போர்களின் ஆவணங்களைப் படிக்கையில் நான் வந்தடைந்த முடிவு இது.

1755இல் கர்னல் ஹெரானின் கும்பினிப் படை (கிழக்கிந்தியக் கம்பெனியின் படை), ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் அண்ணன் மாபூஸ்கானோடு திருநெல்வேலிச் சீமைக்குக் கப்பம் வசூலிக்கப் போனது. வீரபாண்டிய கட்டபொம்மன் அப்போது பிறக்கவில்லை. அன்றைய பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு, மீதிக்கு ஆட்களைப் பிணையாகக் கொடுத்தார். கும்பினியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இதை அன்றாட நடைமுறையாகவே எழுதிச் செல்கிறார். கொடுமைதான், ஆனாலும் பணத்தைக் கட்டினால் ஆள் வீடு திரும்பலாம் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

அதே படையெடுப்பில் நடந்த இன்னொன்று வேறு வகை. மதுரைக்கு அருகே கோவில்குடிக் கோயிலில் இருந்த உலோகத் திருமேனிகளைப் படையினர் எடுத்துக்கொண்டார்கள். திருப்பித் தர 5,000 ரூபாய் கேட்டார்கள். பணம் வரவில்லை, திருமேனிகள் மூட்டைமுடிச்சுகளோடு படையின் பின்னால் போயின. மே மாத இறுதியில் நத்தம் கணவாயின் குறுகிய வழியில் கள்ளர்கள் படையின் வால்பகுதி மேல் பாய்ந்தார்கள். ‘சாமி, சாமி’ என்று கூவியபடி தங்கள் தெய்வங்களை மீட்டுக்கொண்டு போனார்கள். இங்கே கடனும் இல்லை, உடன்படிக்கையும் இல்லை. மக்கள் உயிராய் மதித்த ஒன்றைக் கைக்குள் வைத்துக்கொண்டு விலை சொன்னது, அரசின் பெயரால் வந்த படை. பிடித்தது மனிதரை அல்ல என்றாலும், பிணைக்கைதி முறை முழுவதும் இந்த ஒரு சம்பவத்துக்குள் அடங்கியிருக்கிறது.

பிணை பிடிக்கும் இந்த வழி ஏன்? மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கூமாப்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் ஒரு பதில் கண்ணில் படும். பிளவக்கல் அணைகளுக்குப் பின்னால் மலை எழுகிறது. அந்த அடிவாரம் தெற்கே சேத்தூர், சிவகிரி என்று நீள்கிறது. மூன்று பக்கம் மலை சூழ்ந்த பள்ளத்தை இங்கே கோம்பை என்பார்கள். 1783இல் கும்பினியின் கர்னல் புல்லர்ட்டன் சிவகிரிக் கோம்பைக்குள் நுழையக் காட்டை வெட்டிப் பாதை போட வேண்டியிருந்தது. சமவெளியில் கோட்டையைப் பீரங்கியால் உடைக்கலாம். கோம்பைக்குள் போய்விட்டவனை என்ன செய்வது? அவனுடைய அம்மாவும் பிள்ளைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். எதிரியை எட்ட முடியாத அரசு, எட்டக்கூடியவர்களைப் பிடிக்கிறது.

1772இல் இராமநாதபுரம் நவாப், கும்பினிப் படைகளிடம் விழுந்தபோது சிறுவனான சேதுபதி முத்துராமலிங்கமும் அவனுடைய தாய் முத்துத்திருவாயி நாச்சியாரும் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் அடைக்கப்பட்டார்கள். சிறுவன் செய்த குற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஹைதர் அலியின் படையெடுப்பு நவாபை நெருக்கிய பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது. தவணையை நிர்ணயித்தது கடன் அல்ல, பிடித்தவரின் சௌகரியம்.

1801 அக்டோபரில் சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். துரைச்சாமிக்கு வயது பதினைந்து அளவில். தகப்பனும் பெரியப்பாவும் இல்லை, சீமையும் போய்விட்டது. பின் யாரை வழிக்குக் கொண்டுவர இந்தப் பையனை வைத்திருந்தார்கள்? இனி நடக்கக்கூடும் என்று அஞ்சிய கிளர்ச்சிக்கு அவன் பிணை. அப்படிப்பட்ட கடன் ஒருநாளும் அடையாது. 1818இல் பினாங்கில், முன்பே அவனை அறிந்திருந்த கர்னல் வெல்ஷ் அவனைச் சந்தித்தபோது அடையாளம் தெரியாத அளவுக்கு முதுமை தட்டியிருந்தது. அவனுக்கு முப்பது வயதுதான் கடந்திருக்கும்.

இவர்கள் பிணைக்கைதிகள் அல்லர், கலகக்காரர்கள் என்று மறுப்போர் உண்டு. கும்பினியின் வாதமும் அதுவே. பாளையக்காரரைப் போரிடும் தரப்பாக ஏற்றால் அவரோடு உடன்படிக்கை செய்ய வேண்டும். உடன்படிக்கை வந்தால் தவணையும் வரும். கலகக்காரன் என்றுவிட்டால் இரண்டும் தேவையில்லை. வரலாற்றாசிரியர் இராஜய்யன் 1800–1801 எழுச்சியை முதல் விடுதலைப் போர் என்று பெயரிட்டு எழுதியது அதனால்தான் வெறும் பெயர்ச் சண்டை அல்ல. 1819இன் சென்னை இரண்டாம் ஒழுங்குவிதி, விசாரணையின்றி அடைத்துவைக்கும் ‘அரசுக் கைதி’ முறையைச் சட்டமாக்கியது. பினாங்கில் நடைமுறையாக இருந்தது ஏட்டில் ஏறியது.

1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் பிரிவு, உள்நாட்டுப் போரிலும் பிணைக்கைதி பிடிப்பதைத் தடைசெய்கிறது. பிணைக்கைதி பிடிப்புக்கு எதிரான 1979 சர்வதேச உடன்படிக்கை அதற்கு விளக்கம் தந்தது: பிடித்துவைத்து, விடுவிப்பதற்கு ஈடாக மூன்றாம் தரப்பிடம் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ ஒன்றை நிபந்தனையாக்க வேண்டும். ஓட்டை இங்கேதான். நிபந்தனையை வாய்விட்டுச் சொல்லாத அரசின்மேல் மறைமுக நிபந்தனையை யார், எப்படி நிரூபிப்பது? எதையும் கேட்காமல் வெறுமனே வைத்திருந்தால் அது ‘பாதுகாப்பு’ ஆகிவிடுகிறது.

இலங்கையின் வன்னியில் 2009இல் இதைப் பார்த்தோம். போரின் கடைசி மாதங்களில் மக்களை வெளியேற விடாமல் தடுத்தவர்கள் விடுதலைப் புலிகள். அதை ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவுசெய்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மே மாதம் போர் முடிந்த பிறகு மெனிக் பார்ம் உள்ளிட்ட முகாம்களில் முள்வேலிக்குள் வைக்கப்பட்ட ஏறத்தாழ 2,80,000 பேரை வைத்திருந்தது அரசு. கண்ணிவெடி அகற்ற வேண்டும், புலிகளைப் பிரித்தறிய வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஆகவே எதைக் கொடுத்தால் வெளியே போகலாம் என்பதும் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. டிசம்பர் முதல் தேதிதான் வெளியே போய்வர அனுமதி கிடைத்தது. மெனிக் பார்மிலிருந்து கடைசிக் குடும்பங்கள் கிளம்பியபோது 2012 செப்டம்பர்.