ரவிக்கை (தையல் கட்டமைப்பு)

பெண்கள் புடவையுடன் அணியும் இறுக்கமான மேலாடை. ஐரோப்பிய கார்செட்டும் இதுவும் உடலுக்கு வடிவம் தருவதில் ஒன்று, வழியில் வேறு. கார்செட் அழுத்தமான துணிக்குள் விறைப்பான பட்டைகளைச் செருகி, பின்புறம் நாடாவால் இறுக்கப்படுவது. அந்தப் பட்டைகள் முன்பு திமிங்கலத்தின் வாய்த்தகடுகள். 'திமிங்கல எலும்பு' எனப்பட்டாலும் அது எலும்பன்று. பின்னாளில் எஃகு வந்தது. 1828-இல் உலோகக் கண்வளையங்கள் வந்தபின், துணி கிழியாமல் இன்னும் இறுக்க முடிந்தது.

வழக்கமான ரவிக்கையில் இத்தகைய விறைப்பான பட்டையே கிடையாது. வடிவம் பெரும்பாலும் வெட்டில் இருக்கிறது. 'கிராஸ் கட்' முறையில் முன்துண்டை நூலோட்டத்துக்குச் சாய்வாக, ஏறத்தாழ 45 பாகையில், வெட்டுவார்கள். அப்போது பருத்தியும் சற்று இழுபட்டு உடலோடு படியும். மிச்சத்தை 'டாட்' எனும் கூம்பு மடிப்புகளும் இடுப்புப் பட்டியும் கவனித்துக்கொள்ளும். லைனிங் துணியை நனைத்து உலர்த்தாமல் தைத்தால், முதல் சலவையிலேயே அது சுருங்கி மேல்துணியைச் சுருக்கிவிடும். சாரல் காலத்தில் துணி உலர்வது தாமதம். அந்த ஈரத்தில் மட்டமான இரும்புக் கொக்கிகள் துருவேறிக் கறைபடுத்தும்.

மேலாடை அணிவதே ஒரு காலத்தில் போராடிப் பெற வேண்டிய உரிமையாக இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியில் நாடார் பெண்கள் அதற்காகப் போராடினர். 1859 ஜூலை 26 அரசாணை மார்பை மறைக்க அனுமதித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாதாம்.