ஒரு வீட்டுக்கு ஒரு கோல்

சில ஆண்டுகளுக்கு முன், என் பாட்டனார் கட்டிய வீட்டைப் பழுதுபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. கூடத்தை அடுத்த அறையில், இரு சுவர்களுக்கும் குறுக்கே பலகைகளைக் கிடத்தி அமைத்த பரண் ஒன்று உண்டு. அதன் பலகைகளைக் கறையான் அரித்திருந்தது. ஒவ்வொன்றும் 10 அடி நீளம் என்று அளந்து குறித்துக்கொண்டு மரவாடிக்குச் சென்றேன். அங்கே மீட்டர்க் கணக்கில் கேட்டார்கள். பத்தடி என்பது மூன்று மீட்டர்தானே என்று எண்ணி, அவ்வாறே அறுத்துத் தரச் சொல்லிவிட்டேன்.

பலகைகள் வந்து இறங்கின. எங்கள் வீட்டு வேலைகளை நெடுங்காலமாகச் செய்துவரும் முதிய தச்சர், முதற் பலகையைச் சுவரின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கினார். "ஐயா, வீடு ஒரு கோலில் கட்டியது. நீங்கள் வேறு கோலில் மரம் வாங்கி வந்துவிட்டீர்கள்" என்றார்.

பத்தடிக்கு 3048 மில்லிமீட்டர். நான் வாங்கியது 3000. குறைவு 48 மில்லிமீட்டரே. ஆயினும் அது சிறிதன்று. பலகை இரு சுவர்களிலும் ஒன்றரை அங்குலம் வீதம் உட்கார்ந்திருந்தது. மொத்தம் 76 மில்லிமீட்டர். அதில் 48 போனால் எஞ்சுவது 28. ஒரு பக்கத்திற்கு 14 மில்லிமீட்டர், அதாவது ஒரு விரலின் அகலங்கூட இல்லை. அந்தப் பரணில் நெல் மூட்டைகள் ஏறும். அதன் கீழே குழந்தைகள் உறங்குவார்கள். அந்தப் பலகைகளை அங்கே பொருத்தப் பெரியவர் மறுத்துவிட்டார். அவர் மறுத்ததே நியாயம்.

அவர் சொன்ன சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. கோல் மாறுவதால் வரும் இடர் நம் காலத்தில்தான் தோன்றியதா? நூல்களைப் புரட்டியபோது, அது மிகப் பழையது என்று தெரிந்தது.

சிற்ப நூலாகிய மயமதம், எட்டு யவை கொண்டது ஓர் அங்குலம் என்று கூறுகிறது. யவை என்பது வாற்கோதுமை மணி. 24 அங்குலம் கொண்ட முழம் கிஷ்கு. 25 கொண்டது பிராஜாபத்தியம். 26 கொண்டது தனுர்முஷ்டி. 27 கொண்டது தனுர்க்கிரகம். ஊர்திக்கும் கட்டிலுக்கும் முதலாவது, விமானத்துக்கு இரண்டாவது, மனைகளுக்கு மூன்றாவது, ஊர்களை அளக்க நான்காவது என்று அந்நூல் வகுக்கிறது. அவ்வாறு வகுத்த பின்னர், எல்லாவற்றுக்கும் கிஷ்குவையே கொள்ளினும் பொருந்தும் என்றும் இசைவு தருகிறது. எம்முழத்தைக் கொண்டாலும், எடுத்த வேலை முடியும்வரை அதை மாற்றாதிருப்பதே தொழிலறிந்தோர் வழக்கு.

சோழர் காலக் கல்வெட்டுகளிலும் கோல்கள் பல. பதினாறு சாண் கோல் என்றும் பன்னிரண்டு சாண் கோல் என்றும் நிலம் அளந்த கோலைப் பெயரிட்டே குறித்தனர். கோலின் நீளத்தைக் கோயிற் சுவரில் வெட்டிவைத்த இடங்களும் உண்டு. ஐயம் எழுந்தால் எவரும் சென்று ஒப்பிட்டுப் பார்க்கலாம் அன்றோ!

ஆங்கில ஆட்சியில் அடிக்கணக்கு வந்தது. அதன் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு நம்மவர் அங்குலம் என்ற பழம்பெயரையே சூட்டினர். இங்குதான் குழப்பம் ஒன்று நுழைந்தது. தமிழகத்துச் சிற்பிகளில் ஒரு மரபினர் கிஷ்கு முழத்தை ஆங்கில அளவில் 33 அங்குலமாகக் கொள்வர். அதை 24-ஆல் வகுத்தால், அவர்களுடைய அங்குலம் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் ஆகிறது. ஆங்கில அங்குலமோ 25.4 மில்லிமீட்டர். சொல் ஒன்று, பொருள் இரண்டு. ஆயினும் பழைய வழக்கம் முற்றிலும் மறையவில்லை. யவை எட்டு கொண்டது அன்றைய அங்குலம். நூல் எட்டு கொண்டது இன்றைய தச்சரின் அங்குலம்.

பின்னர் 1956-ஆம் ஆண்டில் இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் நிறைவேறியது. 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக அவ்வளவைகள் நடைமுறைக்கு வந்தன. 1959-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் வேறு சில நாடுகளும் ஒப்பந்தம் செய்து, அங்குலத்தைச் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று நிலைநாட்டின. அதற்குமுன் அவ்விரு நாடுகளின் அங்குலங்களுக்கு இடையேயும் மயிரிழை வேறுபாடு இருந்தது.

ஆகவே, மாற்றும் முறை எளிது, வேண்டுவது பொறுமையே. 9 அடி 7 அங்குலம் 3 நூல் என்று ஓர் அளவு இருப்பதாகக் கொள்வோம். முதலில் அனைத்தையும் அங்குலமாக்கினால் 115.375. அதை ஒரே முறை 25.4-ஆல் பெருக்கினால் 2930.5 மில்லிமீட்டர். அவ்வாறின்றி அடிக்கு 300, அங்குலத்துக்கு 25, நூலுக்கு 3 என்று தனித்தனியே குறைத்துக் கூட்டினால் 2884-தான் வரும். 46 மில்லிமீட்டருக்கு மேல் காணாமற்போய்விடும். முழு எண்ணாக்க வேண்டுமெனில், அதை இறுதியில் ஒரே முறை செய்க. அப்போதும் மரத்துக்கு மேல்நோக்கியே செய்க. நீண்ட பலகையை அறுக்கலாம்; குறைந்த பலகையை வளர்க்க இயலாது.

எங்கள் பெரியவர் இக்கணக்கு எதையும் போடவில்லை. நேரான ரீப்பர் ஒன்றை எடுத்தார்; சுவருக்குச் சுவர், உட்காரும் இடமும் சேர்த்து, நீளத்தைப் பிடித்து அறுத்தார். அதை என் கையில் கொடுத்து, "இந்த நீளத்துக்கு வாங்கி வாருங்கள், ஐயா" என்றார். அதைத் தோளில் சுமந்துகொண்டு மீண்டும் மரவாடிக்கு நடந்தேன். இம்முறை எவரும் அடியா மீட்டரா என்று கேட்கவில்லை. மாலைக்குள் பரண் நிறைந்துவிட்டது. குட்டையான பலகைகள் பின்கட்டு அலமாரிக்குப் பயன்பட்டன.