69 வயதில் இரண்டாவது சுற்று

அறுபது தாண்டிய ஒருவர், "பைக்கில் தனியாக நெல்லூர், விஜயவாடா என்று போய்வரப் போகிறேன்" என்று சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மகன் சாவியை எடுத்து வைத்துக்கொள்வான். மருமகள், "இந்த வயசுல எதுக்கு மாமா?" என்பாள்.

சட்டம் அப்படிக் கேட்கவில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 55 வயதைத் தாண்டியவர் 5 ஆண்டுக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பித்துக்கொள்ளலாம். டாக்டர் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வயதோடு நிறுத்து என்ற வரம்பு கிடையாது.

வயதான காலத்தில் நெடும்பயணம் போவது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. ஏனுகுல வீராசாமி என்பவர் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் (அப்போது அப்படித்தான் பெயர்) மொழிபெயர்ப்பாளர். நம்மைப் போல உத்தியோகஸ்தர். 1830 மே மாதம், ஏறக்குறைய 50 வயதில், காசிக்குக் கிளம்பினார். திரும்பி வந்தது 1831 செப்டம்பரில். வழியில் பார்த்ததையெல்லாம் தெலுங்கில் எழுதி வைத்தார். 1838-ல் அது புத்தகமாக வந்தது. ஆனால் அவர் தனியாகப் போகவில்லை. கூடவே சுமார் நூறு பேர். பல்லக்குத் தூக்க, மூட்டை சுமக்க, சமைக்க, காவலுக்கு என்று ஆள் இல்லாமல் அன்று அவ்வளவு தூரம் போக முடியாது.

வயதானவர் ஒருவர் தனியாகவே போகலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது மோட்டார் சைக்கிள்தான். அந்த வண்டியின் கதையில் நமக்கும் பங்கு உண்டு. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. 2018 வரை திருவொற்றியூர் நம் திருவள்ளூர் மாவட்டம்தானே! 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் என்ஃபீல்டு நின்றுபோனது. இங்கே நிற்கவில்லை. 1977 முதல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த மனிதருக்கு வருகிறேன். பெயர் டெட் சைமன், லண்டனில் வளர்ந்த பத்திரிகையாளர். 1973-ல், 42 வயதில், 500 சி.சி. டிரையம்ஃப் வண்டியில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். 4 ஆண்டு, 45 நாடுகள், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். இந்தியாவுக்கும் வந்தார். இங்கே ஒருவர் அவரைப் பார்த்து, நீ ஜூபிடர் என்று சொல்லியிருக்கிறார். நம் கணக்கில் குரு பகவான். அதையே வைத்துத் தன் புத்தகத்துக்கு 'ஜூபிடர்ஸ் டிராவல்ஸ்' என்று பெயரிட்டார். 1979-ல் வெளிவந்தது.

பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு உலகப் பயணம் என்றால் ஜூல் வெர்ன்தான் நினைவுக்கு வருவார். 1873-ல் புத்தகமாக வந்த அவருடைய நாவலில் கதாநாயகன் 80 நாளில் உலகத்தைச் சுற்றிவிடுகிறான். பந்தயம் கட்டியவனுக்கு ஊர் பார்க்க நேரம் ஏது? சரியாக நூறு ஆண்டு கழித்துக் கிளம்பிய சைமன் இதற்கு நேர் எதிர். வண்டி பழுதாகி நின்ற இடத்தில்தான் மனிதர்களின் பழக்கம் கிடைக்கிறது, தடங்கலும் பயணத்தில் சேர்த்திதான் என்பது அவர் கட்சி.

2001-ல் அதே மனிதர் அதே பாதையில் மறுபடியும் கிளம்பினார். வயது 69. இந்த முறை பி.எம்.டபிள்யூ வண்டி. கென்யாவில் விழுந்து கால் முறிந்தது. அந்த வயதில் எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் குணமானதும் பயணத்தைத் தொடர்ந்து, 2003-ல் முடித்தார். கால் நூற்றாண்டுக்கு முன் பார்த்த ஊர்களும் சாலைகளும் எவ்வளவோ மாறியிருந்தன. முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தவருக்குத்தானே அந்த மாற்றம் கண்ணில் படும்? முதல் முறை போகிற இளைஞனுக்கு அது தெரியாது.

கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் வரை நம் ஜி.என்.டி. ரோடும் அப்படித்தான். சிப்காட் வருவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று சொல்ல நம் வயதுக்காரர்கள்தான் மிச்சம். லாரி நெரிசல் உண்மை, பயமும் நியாயம். பகலில் மட்டும், மெதுவாக, ஹெல்மெட்டோடு, நாளுக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் போதும். நமக்கு என்ன பந்தயமா? சாவியை ஒளித்து வைக்கும் பிள்ளைகளிடம் சைமன் கதையைச் சொல்லிப் பாருங்கள். கால் முறிந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.