1806 இல் எழுதிய சட்டமும் இன்றைய நமது வாதமும்



முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு வந்தாலே நாம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறோம். "அல்லாஹ்வின் சட்டத்தில் கைவைக்காதீர்கள்" என்று நம்மில் ஒரு சாரார் சொல்கிறார்கள். வெளியில் "ஒரே நாடு, ஒரே சட்டம்" என்பவர்களோ, இது முஸ்லிம்களுக்கு மட்டும் கிடைத்த சலுகை என்கிறார்கள். இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று இரு தரப்பும் கேட்பதில்லை.

ஒல்லாந்தர் காலத்தில் பத்தாவியாவிலிருந்து வந்த ஒரு தொகுப்பே இதன் ஆரம்பம். 1806 இல் ஆங்கிலேயர், கொழும்பு முஸ்லிம் தலைவர்களின் இணக்கத்தோடு அதைச் சட்டமாக்கினர். 1852 இல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. 1929 இல் புதிய கட்டளைச் சட்டம் வந்தது. இன்றுள்ள சட்டம் 1951 இல் நிறைவேறியது. அதாவது 145 வருடங்களுக்குள் மூன்று தடவை எழுதப்பட்டிருக்கிறது. நமது மூத்தோர் அதை மார்க்கத்தை மாற்றுவதாக நினைக்கவில்லை.

மஹரும் வலியும் மார்க்கத்திலிருந்து வந்தவை. ஆனால் விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கேட்காமல் விட்டது குர்ஆன் அல்ல, சட்டம் வரைந்தவர்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் காதியின் அனுமதியோடு பதிவு செய்யலாம் என்று எழுதியதும் அவர்களே. 1995 இல் பொதுச் சட்டத்தில் திருமண வயது 18 ஆனபோது நமது பிள்ளைகள் அதற்கு வெளியே நின்றார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே இடாப்பில் பெயர் வெட்டப்பட்ட மாணவிகளை ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டிருக்கிறோம்.

சலுகை என்பவர்களுக்கும் வரலாறு பதில் சொல்கிறது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707 இல் தொகுக்கப்பட்டது. ஆங்கிலேயர் அதை ஏற்றதும் அதே 1806 இல்தான். கண்டியச் சிங்களவருக்கு 1952 இல் தனி விவாகச் சட்டம் வந்தது. தனியார் சட்டம் நமக்கு மட்டும் உரியதல்ல.

2019 க்குப் பிறகு நம்மை நெருக்கவே திருத்தம் கேட்கிறார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. 2020 இல் நமது மையித்துகளை எரித்ததைப் பார்த்த பின் அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு நியமிக்கப்பட்டது 2009 இல். அது இரண்டு நிலைப்பாடுகளோடு அறிக்கை கொடுத்தது 2018 இல். குண்டு வெடிப்பதற்கு முன்பே நமது பெண்கள் நீதி கேட்டுக் காத்திருந்தார்கள்.

தனியார் சட்டத்தை ஒழிப்பது வேறு, அதைத் திருத்துவது வேறு. நாம் திருத்தத் தாமதித்தால், ஒழிக்க நினைப்பவர்களுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்தவர்களாவோம்.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் இதைப் பேசும் முன், அந்தச் சட்டத்தை ஒரு தடவை வாசிப்போம். நமது மகளின் பெயரை அதில் வைத்து வாசிப்போம்.