ரூத் பாட்ரிக்கின் நன்னீர் ஆய்வும் திருமணிமுத்தாறும்

முன்னுரை

சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறு, அம்மாபேட்டையை உள்ளடக்கிய சேலம் மாநகரின் வழியே பாய்ந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. வழியில் வீட்டுக் கழிவுநீரும் சாயக் கழிவும் அதில் சேர்கின்றன. இத்தகைய ஆற்றின் கேட்டினை நீரின் வேதியியல் சோதனை மட்டுமே காட்டிவிடுமா? இவ்வினாவுக்கு நன்னீர் உயிர்களின் வழியே விடை தேடிய அமெரிக்க அறிவியலாளர் ரூத் பாட்ரிக்கின் (1907–2013) பணியை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊதியமில்லா ஆண்டுகள்

கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த பாட்ரிக், சிலிக்கா ஓடுடைய டயாட்டம் என்னும் நுண்பாசிகளை ஆராய்ந்து, 1934இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சயாம், மலாய் நாடுகளின் டயாட்டங்களே அவர்தம் ஆய்வுப்பொருள். பிலடெல்பியாவின் இயற்கை அறிவியல் கழகத்தில் 1933 முதல் பணியாற்றிய அவருக்கு 1945இல்தான் ஊதியம் கிடைத்தது. அங்கு 1947இல் நன்னீரியல் துறையை நிறுவினார்.

கோனெஸ்டோகா ஆய்வு

1948இல் பென்சில்வேனியாவின் கோனெஸ்டோகா ஆற்றுப்படுகையைப் பாட்ரிக்கின் குழு ஆராய்ந்தது. வேதியியலார், நுண்ணுயிரியலார், விலங்கியலார் அதில் இணைந்திருந்தனர். தூய நீரில் பல இனங்கள் வாழ்கின்றன. மாசு மிகும்போது இனங்கள் குறைந்து, எஞ்சிய சில மட்டும் பெருகுகின்றன என்பது ஆய்வின் முடிவு. எனவே ஒரு தனி இனத்தை அடையாளமாகக் கொள்வதைவிட உயிர்க்கூட்டம் முழுவதையும் நோக்க வேண்டும் என்றார். பின்னர் நீரில் கண்ணாடித் தகடுகளை வைத்து, அவற்றில் படியும் டயாட்டங்களைக் கணக்கிடும் கருவியையும் உருவாக்கினார்.

திருமணிமுத்தாற்றுக்குப் பொருத்துதல்

நீர் மாதிரி, அதை எடுத்த வேளையின் நிலையையே கூறும். கழிவு கடந்துபோன பின் எடுத்தால் அதன் தடயம் கிட்டாமல் போகலாம். அங்கேயே வாழும் உயிர்களோ பல நாள்களின் பாதிப்பைத் தாங்கி நிற்கும். எனினும் கோனெஸ்டோகா முறையை இங்கு அப்படியே கையாள இயலாது. திருமணிமுத்தாறு மழையை நம்பிய ஆறு. கோடையில் இனங்கள் குறைவதற்கு வறட்சியும் காரணமாகலாம். ஆகவே நகருக்கு மேலும் கீழும் ஒரே பருவத்தில் ஆராய்ந்து ஒப்பிடுவதே முறையாகும்.

முடிவுரை

1996இல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்ற பாட்ரிக், ஆற்றின் நலத்தை அதில் வாழும் உயிர்களைக் கொண்டு அளக்கும் முறையை நிலைநாட்டினார். மீன்கள் செத்து மிதக்கும் வரை காத்திராமல், கண்ணுக்குப் புலப்படாப் பாசிகளின் குறைவிலேயே கேட்டினை உணரலாம் என்பது திருமணிமுத்தாற்றுக்கு அவர் பணி தரும் பயனாகும்.