கல்லில் எழுதிய பிரதி: வடக்கு வேல்ஸ் கோட்டைகளை முன்வைத்து

மத்தியகாலக் கோட்டை என்றால் நமக்கு அகழி, ராஜகுமாரி, புகைப்படம். சிறுநகரங்கள் வழியாகக் காரில் போய் ஒரு கோட்டை, ஒரு தேநீர், அடுத்த கோட்டை என்று பார்ப்பதைச் சுற்றுலாவின் சொல்லாடல் வெறும் பொழுதுபோக்காகவே முன்வைக்கிறது. செஸ்டரிலிருந்து நண்பரின் காரில் புறப்பட்டபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். வரைபடத்தை விரித்ததும் சந்தேகம் வந்தது. ஃபிளின்ட், ரித்லன், கான்வி, கயர்னார்வன், ஹார்லெக். இந்தப் பாதையை யார் போட்டது?

இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டுதான். ஃபிளின்ட், ரித்லன் கோட்டைகளின் வேலை 1277இல் துவங்கியது. 1282 டிசம்பரில் வேல்ஷ் இளவரசன் லிவெலின் ஆப் கிரிஃபித் கொல்லப்பட, அடுத்த வருஷமே மற்ற மூன்றும் எழத் தொடங்கின. எல்லாமே கடலையோ கடலோடு சேரும் ஆற்றையோ ஒட்டியவை. ரித்லனில் ஆற்றையே இரண்டு மைலுக்கு மேல் வெட்டித் திருப்பினார்கள். மலைவாசிகள் முற்றுகையிட்டாலும் கப்பலில் தானியம் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஆக, கடற்கரை அழகு என்று நாம் ரசித்துக்கொண்டு போவது ஒரு படையெடுப்பின் தானியப் பாதையை. வென்றவன் நின்ற இடத்திலிருந்தே பயணியும் பார்க்கிறான்.

கோட்டையை மட்டும் வாசித்தால் பாதிப் பிரதிதான் கிடைக்கும். மறுபாதி அதன் காலடியிலுள்ள ஊர். கான்வியின் மதிலுக்குள் சலுகைகளோடு ஆங்கிலேயர் குடியேற்றப்பட்டார்கள். அதற்கு முன் அங்கே இருந்தது ஒரு மடாலயம். லிவெலினின் பாட்டனார் அடக்கமான இடம் அது. துறவிகள் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பாட்டனாருடையது என்று சொல்லப்படும் கல்பெட்டி இன்று லான்ரூஸ்ட் தேவாலயத்தில் வெறுமையாகக் கிடக்கிறது. 1294 கிளர்ச்சிக்குப் பிறகு பியூமாரிஸ் கோட்டை வந்தபோது, பக்கத்திலிருந்த லான்வைஸ் என்கிற துறைமுக ஊரின் மக்கள் தீவின் மறுகோடிக்குப் பெயர்க்கப்பட்டார்கள்.

கட்டியவர்கள் யார்? கொத்தனார் தலைவர் ஜேம்ஸின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. 1296 பிப்ரவரியில் பியூமாரிஸிலிருந்து அவரும் இன்னொருவரும் அரசுக் கருவூலத்துக்கு எழுதிய கடிதத்தில் 400 கொத்தர்கள், 2000 கூலியாட்கள் என்று கணக்கு வருகிறது. கூடவே கூலி பாக்கி, ஆட்கள் பிழைக்க வழியில்லை என்கிற முறையீடும். அந்தக் கோட்டை கடைசிவரை முடிக்கப்படவே இல்லை.

எழுநூறு வருஷத்துப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். 2017இல் ஃபிளின்டில் பிரம்மாண்டமான இரும்பு வளையச் சிற்பம் ஒன்றை நிறுத்த வேல்ஸ் அரசு திட்டமிட்டது. எட்வர்டின் கோட்டை வரிசைக்கு ‘இரும்பு வளையம்’ என்றே பெயர் உண்டு. நம்மை இறுக்கியதற்கு நாமே நினைவுச்சின்னமா என்று மக்கள் கொதித்தார்கள். இரண்டே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. பழங்கதைக்கா இத்தனை கோபம்?

ஆனால் அதிகாரம் எழுதியதை அதிகாரம் நினைத்தபடியே எல்லோரும் வாசிப்பதில்லை. வேல்ஷ்காரன் ஆங்கிலேயரின் ஊர்களில் நிலம் வாங்கக் கூடாது என்று 1401-02இல் சட்டமே போட்டார்கள். இன்றைக்குக் கயர்னார்வன் மதிலுக்குள் ரொட்டிக் கடையில் நின்றால் காதில் விழுவது வேல்ஷ்தான். வெளியே நிறுத்தப்பட்ட மொழி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. இதை வெற்றி என்று சட்டெனக் கொண்டாடவும் முடியவில்லை. 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் அந்த மொழி பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம்தான். மதில் செய்ய முடியாததைப் பள்ளிக்கூடமும் சந்தையும் செய்துவிட முடியும்.

கடைசி நாள் கடற்கரையை விட்டு மலைக்குள் திரும்பினோம். டோல்விதெலனில் வேல்ஷ் இளவரசர்கள் கட்டிய சின்னக் கோபுரம் ஒன்று நிற்கிறது. 1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நான்கு கோட்டைகளும் எட்வர்டுடையவை, இது அதில் இல்லை. மேலே ஏறினால் கடல் தெரியாது, கணவாய்தான் தெரியும். அடுத்த முறை போகிறவர்கள் பயணத்தை இங்கிருந்து துவங்கலாம். கடற்கரையை எட்வர்டு பார்த்த திசையிலிருந்து இல்லாமல், அவன் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் திசையிலிருந்து வாசிக்க அது உதவும்.