நகரத்தார் கணக்கு முறை

நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் லேவாதேவித் தொழிலில் பணத்தைப் பிரித்துப் போடவும், வட்டி கணக்கிடவும், தூரத்துக் கடைகளை மேற்பார்வை செய்யவும் கையாண்ட முறை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1942 வரை இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர், சைகோன், சுமத்திராவின் மேடான் ஆகிய இடங்களில் இது புழங்கியது. கணக்கெழுதும் கலை என்று மட்டும் இதைக் கொள்வது குறைவான பார்வை. முதலாளி ஊரில் இருப்பார். கடை கடலுக்கு அப்பால் இருக்கும். யாருக்குக் கடன், எந்த வட்டிக்கு, எப்போது கையை மடக்குவது என்பதெல்லாம் அங்கிருக்கும் மேலாள் தானே எடுக்க வேண்டிய முடிவுகள். அந்த முடிவுகளைப் பிறகு நிறுத்துப் பார்க்க முதலாளிக்கு இருந்த ஒரே தராசு கணக்குதான்.

வழங்கிய பகுதி

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதியில் ராயவரம், கடியாபட்டி, அரிமளம், விராச்சிலை, குழிபிறை, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி முதலியவை நகரத்தார் ஊர்கள். சமஸ்தான காலத்தில் இவை புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. இவ்வூர்களுக்கு வடக்கே, அவற்றின் வட்டத்துக்கு வெளியே உள்ளது அன்னவாசல். ஆனால் வணிகக் குழுக்களின் பழைய தடம் அந்தப் பக்கமும் உண்டு. அதற்கு வடமேற்கில் உள்ள கொடும்பாளூரின் பெயரால் மணிக்கிராமம் என்ற வணிகக் குழு கல்வெட்டுகளில் வருகிறது. தெற்கே திருமயம் பக்கத்து முனிசந்தையில், சோழர் காலக் கல்வெட்டு ஒன்று திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. இக்குழுக்களை நகரத்தாரின் நேர் முன்னோராகக் காட்ட விரும்புவோர் உண்டு; அதற்குக் கல்வெட்டில் போதிய பிடிமானம் இல்லை.

ஆளும் தவணையும்

கடையில் மேலாள் அல்லது ஏஜெண்டு தலைவர். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். சமையலாள் தனி. வேலைத் தவணை பொதுவாக மூன்று ஆண்டு. சம்பளமும் மூன்றாண்டுக்குச் சேர்த்தே பேசப்படும், அதில் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணமாகக் கைக்கு வரும். தவணை முடிவில் லாபத்தில் பங்கும் உண்டு. புது மேலாள் வந்து சேர்ந்ததும் பழையவர் ஒவ்வொரு கடனையும் காட்டி ஒப்படைப்பார். எது வசூலாகும், எது இழுபறி என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்துவிடும். இன்றைய கம்பெனிகள் பெருஞ்செலவில் செய்யும் உள்தணிக்கையை இந்த ஆள்மாற்றம் கூடுதல் செலவில்லாமல் செய்தது.

பையனாகச் சேர்ந்தவன் எண்சுவடியை மனப்பாடமாகக் கொண்டே வருவான்: வீசம் பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் வட்டி சொல்லும் பழக்கம் இதிலிருந்து வந்தது. மேலாளாவதற்குள் கடையின் எல்லா ஏடுகளையும் அவன் கை கடந்திருக்கும். கணக்குத் தெரியாத நிர்வாகி என்ற ஓர் இனம் இந்தத் தொழிலில் உருவாகவே வழியில்லை.

ஏடுகள்

ஏட்டின் தலைப்பில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் சிவமயம், தமிழ் வருடம், மாதம், தேதி, பிறகுதான் தொகை. அன்றாட நடவடிக்கை குறிப்பேட்டில் ஏறி, அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். பேரேட்டில் வரவு ஒரு பக்கம், பற்று எதிர்ப்பக்கம். ஒருவர் பேரில் வரவானது இன்னொருவர் பேரில் பற்றாக நிற்கும். வெனிசில் 1494இல் லூக்கா பசியோலி அச்சிட்டு விளக்கிய இரட்டைப் பதிவின் அடிப்படையும் இதுவே. எல்லாப் பேரும் கூட்டி நேரானதும் ஐந்தொகை எடுக்கப்படும். அது கடையின் முழு நிலையைக் காட்டும் அறிக்கை. அதன் படி ஊருக்குப் போகும்.

ஐந்தொகையில் முதலாளி தேடியது லாபத்தை மட்டும் அல்ல. முதல் பணம், அதாவது சொந்தப் பணம் எவ்வளவு? மேம்பணம், அதாவது உறவினரும் பிறரும் போட்டுவைத்தது எவ்வளவு? வீட்டுப் பெண்களின் சீர்ப்பணம் ஆச்சிமார் பணம் என்று தனியே நிற்கும். அதில் கைவைத்து நஷ்டப்படுத்திய கடைக்கு ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

நடப்பு வட்டி

முறையின் அச்சாணி இது. ரங்கூனில் முகல் தெருக் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடி அந்த மாதத்து நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். கடைக்காரர்கள் தமக்குள் கொடுத்து வாங்குவதற்கும் வைப்புகளுக்கும் இதுவே அடிப்படை. தவணை வைப்புக்குத் தவணை வட்டி தனி. கூட்டு வட்டிக் கணக்குக்கு வயன் வட்டி என்று பெயர்.

நடப்பு வட்டி நூற்றுக்கு மாதம் 10 அணா என்று வைத்துக்கொள்வோம். 4,800 ரூபாய்க்கு 48ஐப் பத்தால் பெருக்க 480 அணா; ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் 30 ரூபாய். கடைக்குப் பணத்தின் விலை அது. அதே தொகையை நூற்றுக்கு ஒன்றேகால் ரூபாய் வட்டிக்கு விவசாயிக்குக் கொடுத்தால் மாதம் 60 ரூபாய். இடையிலுள்ள 30 ரூபாயில் வாடகை, சம்பளம், சாப்பாடு, கோயிலுக்குக் கொடுக்கும் மகமை, வாராக்கடன் எல்லாம் அடங்க வேண்டும். பணத்தின் விலை மாதாமாதம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், முதலாளியின் கையில் லாபத்தை ஒப்பிட ஓர் அளவுகோல் இருந்தது. வெறுமே நடப்பு வட்டிக்குப் பணம் போட்டால் வருவதைவிட மேலாள் அதிகம் ஈட்டவில்லை என்றால், அந்தக் கடை எதற்கு?

பர்மாவும் சரிவும்

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிக் கழிமுகம் நெல் வயலானது. அந்த வயலுக்குப் பணம் போட்டவர்கள் நகரத்தாராகிய செட்டியார்கள். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு (1929–30) அங்கு சுமார் 1,650 செட்டியார் கடைகளையும் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் புழங்கு பணத்தையும் மதிப்பிட்டது.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. வட்டி நின்றது, ஈடாக வைத்த நிலம் கடைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நிலத்தில் 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது. 1930களின் இறுதியில் அது 25 விழுக்காடு. ஏட்டில் சொத்து குறையவில்லை. ஆனால் திரும்பிவரும் பணம், விற்க முடியாத நிலமாக உருமாறிவிட்டது. ஒவ்வொரு கடனையும் தனித்தனியே எடைபோடத் தேர்ந்த முறை, எல்லாக் கடனும் ஒரே பயிரையும் ஒரே நாட்டையும் நம்பியிருப்பதைக் காட்டத் தவறியது. இம்முறையின் பெருங்குறை இதுவே. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர்; 1948இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது.

முன்பே சுதாரித்தவர்களும் உண்டு. பள்ளத்தூர் அ. மு. மு. முருகப்பச் செட்டியார் குடும்பம் 1930களில் பர்மா முதலீட்டைப் படிப்படியாக இந்தியாவுக்குத் திருப்பியது. 1949இல் சைக்கிள் தொழிலில் இறங்கியதும் அக்குடும்பமே. கானாடுகாத்தான் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்.

ஆய்வு

டேவிட் ரட்னரின் ஆங்கில நூல் (1994) இத்துறையின் அடிப்படை நூல். இலங்கைக்கு வீரசூரியவின் நூல் (1973). வட்டிக்கடை வாழ்க்கையை உள்ளிருந்து அறிய விரும்புவோர் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலைப் படிக்கலாம். பேரேடுகள் பல தமிழ் எண்களில் எழுதப்பட்டவை. அவற்றைத் தடையின்றி வாசிப்பவர்கள் அருகிவருகிறார்கள். வீட்டுப் பரணில் இத்தகைய ஏடு வைத்திருப்போர் எடைக்குப் போடுவதற்கு முன் ஓர் ஆவணக் காப்பகத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.